சபைச் சண்டையில் நன்மை செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு, வீட்டு ஜெபக்கூட்டம், கல்யாணப் பந்தி என்று எங்கே உட்கார்ந்தாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாததால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கும், ஊரும் பேரும் மட்டும் இருக்காது. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கத்தில் வளர்ந்தவன், அதனால் சேகரம் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்), கமிட்டி, அசனம் (சபை விருந்து), ஐயர் (போதகர்) என்றுதான் எழுத வருகிறது. மற்ற சபையார் தங்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

சபைக்குள்ள சண்டை வருதுன்னாலே அங்க ஆவிக்குரிய ஜீவன் இல்லைன்னுதானே அர்த்தம்?

அப்படிப் பார்த்தால் எருசலேமில் இருந்த முதல் சபைக்கும் ஜீவன் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் சாப்பாட்டுப் பிரச்சினைதான்: கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு. 15-ஆம் அதிகாரத்தில் பவுலும் பர்னபாவும் மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று முட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கொரிந்து சபையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் பக்கத்தில் எதற்குச் சண்டை வருகிறது என்று பாருங்கள். அசனத்துக்கு ஆடு வாங்கும் பொறுப்பு யாருக்கு, கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு யாருக்கு, கல்லறைத் தோட்டத்தில் எந்த இடம், நன்றி நவிலும்போது யார் பெயர் விட்டுப்போனது. உபதேச வித்தியாசத்துக்காக இரண்டு வீட்டார் பேசாமல் போனதை நான் பார்த்தது அபூர்வம். கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் அடியில் கிடப்பது “என்னை ஒரு வார்த்தை கேட்கல” என்பதுதான். இது தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் எளிது.

நன்மை செய்யணும்னா என்ன செய்யணும்? எதுவும் நடக்காத மாதிரி சிரிச்சு, ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போனா போதுமா?

போதாது. அது நாடகம், அதுவும் எதிரே இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும் நாடகம். 1 சாமுவேல் 25-ஐ எடுத்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தாவீது சாப்பாடு கேட்டு அனுப்பிய ஆட்களை நாபால் வாய்க்கு வந்தபடி பேசி வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறான். தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். நாபாலின் மனைவி அபிகாயில் என்ன செய்தாள்? 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, ஐந்து படி வறுத்த பயறு, 100 திராட்சைக் குலை, 200 அத்திப்பழ அடை, எல்லாவற்றையும் கழுதைகள்மேல் ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னாலேயே தானும் போனாள். என்ன கேட்டார்களோ அதைத்தான் கொண்டுபோனாள், பசித்தவனுக்கு ஆறுதல் வார்த்தை கொண்டுபோகவில்லை.

அதே நேரம் அவள் வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. தன் புருஷன் செய்தது புத்தியீனம் என்று ஒத்துக்கொண்டாள். நீர் இன்றைக்கு வீணாய் இரத்தம் சிந்தினால் நாளைக்கு ராஜாவானபின் அது உம் மனதை அறுக்கும் என்று தாவீதுக்கும் முகத்துக்கு நேரே சொன்னாள். இந்தப் பக்கம் முழுக்க நான் நன்மை என்று சொல்வது இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான்: எதிராளிக்கு உண்மையிலேயே உதவும் ஒரு காரியம், கூடவே மறைக்காத பேச்சு. ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பெரும்பாலும் நிற்பதில்லை.

தப்பு முழுக்க அவர்மேல. நான் ஏன் முதல்ல போகணும்?

இந்தக் கேள்விக்கு மத்தேயுவில் இரண்டு இடம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வாசித்தால் தப்பிக்க வழியே இல்லை. 5-ஆம் அதிகாரம் 23, 24: உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை இருந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு நீ போ. 18-ஆம் அதிகாரம் 15: உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், அப்போதும் நீதான் போ. தப்பு யார்மேல் இருந்தாலும் போகவேண்டியது கேட்டுக்கொண்டிருப்பவர்தான்.

இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில், பீடம் இருந்ததோ எருசலேமில். பல நாள் நடந்து போய் வரிசையில் நின்றவன் பாதியில் திரும்பி ஊருக்கு வந்து சகோதரனைப் பார்த்துவிட்டு மறுபடி போகவேண்டும். நமக்கு அடுத்த தெரு.

சரி, போறேன். என்னன்னு பேச்சை ஆரம்பிக்கிறது?

முதலில் எப்போது, எங்கே என்று பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கோவில் வாசலில், பத்துப் பேர் பார்க்க, கண்டிப்பாக வேண்டாம். போன் செய்து “அண்ணாச்சி, சாயங்காலம் வீட்ல இருப்பீங்களா, ஒரு அஞ்சு நிமிஷம் பாக்கணும்” என்று கேட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். ஆதரவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனால் அவரும் ஆள் சேர்ப்பார். அந்த வீட்டில் காபி கொடுத்தால் குடியுங்கள், “இப்பதான் குடிச்சேன்” என்று சொல்லி வைத்துவிட்டு வந்தால் அதுவே அடுத்த ஆறு மாதத்துக்குப் பேச்சாகிவிடும்.

பேச்சில் “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று ஆரம்பிக்காதீர்கள். நடந்த ஒரு காரியத்தை மட்டும் எடுங்கள். “போன மாசக் கமிட்டியில நான் கணக்கு வாசிக்கும்போது எல்லார் முன்னாடியும் நீங்க சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. நீங்க எதை வச்சுச் சொன்னீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.” இவ்வளவு போதும், அப்புறம் அவர் பேசட்டும். நடுவில் வசனம் எடுத்துவிடாதீர்கள். வசனம் தெரியாதவரா அவர்? ஞாயிறு பள்ளியில் உங்களுக்கு முன்னால் பரிசு வாங்கியவராகக்கூட இருப்பார்.

ஐயர்கிட்ட சொல்லிட்டா அவர் பார்த்துக்க மாட்டாரா? அதுக்குத்தானே அவர் இருக்காரு?

மத்தேயு 18-இல் வரிசை இருக்கிறது. முதலில் தனியாக, கேட்காவிட்டால் இரண்டொருவரோடு, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு. நம் ஆட்கள் நேரே மூன்றாவது படியில் ஏறுவார்கள், அதிலும் அவசரக்காரர்கள் திருமண்டல (பேராயரின் கீழுள்ள வட்டாரம்) அலுவலகத்துக்கே மனு எழுதிவிடுவார்கள். ஐயரும் சில வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவர், நீங்கள் இரண்டு பேரும்தான் கடைசிவரை அதே கோவிலில் அதே பெஞ்சில் உட்காரப் போகிறவர்கள்.

ரெண்டு பேருமே எனக்கு வேண்டியவங்க. ரெண்டு பேரும் என்கிட்டதான் வந்து கொட்டுறாங்க. நான் என்ன செய்ய?

பிலிப்பியர் 4-இல் உங்களைப் போல ஒருவர் இருக்கிறார். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள், சுவிசேஷ வேலையில் பவுலோடு கூடப் போராடியவர்கள், அவர்களுக்குள் மனஸ்தாபம். பவுல் பெயர் சொல்லாமல் ஒரு கூட்டாளியைப் பார்த்து, இவர்களுக்கு உதவியாயிரு என்று எழுதுகிறார். சண்டை எதைப் பற்றி என்று பவுல் ஒரு வார்த்தை எழுதவில்லை, அதனால் இன்றுவரை அது யாருக்கும் தெரியாது. உங்கள் வேலையும் அதுதான்: கேளுங்கள், ஆனால் அங்கே கேட்டதை இங்கே கொண்டுவராதீர்கள். நல்லெண்ணத்தில் கடத்தினாலும் கோள் கோள்தான்.

கடத்த வேண்டுமானால் நல்லதைக் கடத்துங்கள். “அக்கா, உங்க மகளுக்கு வேலை கிடைச்சதைக் கேட்டு அவங்க சந்தோஷப்பட்டாங்க” என்பது உண்மையாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லாததை இட்டுக்கட்டிச் சொன்னால் ஒருநாள் பிடிபடுவீர்கள், அப்புறம் இரண்டு வீட்டிலும் உங்களுக்கு இடமில்லை.

வாட்ஸ்அப் குரூப்ல என்னைக் குத்திக் காட்டி வசனம் போடுறாங்க. நானும் பதிலுக்கு ஒண்ணு போடலாமா?

வேண்டாம். அந்த வசனம் உங்களுக்குத்தான் என்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது, நீங்கள் பதில் போட்டதும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். விறகு இல்லாவிட்டால் நெருப்பு அணையும் என்று நீதிமொழிகள் 26:20 சொல்வது இதற்கு அளவெடுத்த மாதிரி. குரூப்பை விட்டு வெளியேறி, ‘வெளியேறினார்’ என்று எல்லாருக்கும் காட்டுவதும் ஒரு பதில்தான், அதையும் தவிருங்கள். நேரே போன் போடுங்கள். குரலைக் கேட்டபின் பலருக்குக் கோபம் பாதியாகிவிடுகிறது.

ஜெபத்துல வச்சுட்டேன், கர்த்தர் பார்த்துப்பார்னு விட்டுட்டேன். இது போதாதா?

ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் “ஜெபத்துல வச்சிருக்கேன்” என்பது பல நேரம் “போய்ப் பேசத் தைரியமில்லை” என்பதற்கு நாகரிகமான பெயராகிவிட்டது. கூட்டத்தில் “சில சகோதரர்களுடைய கடின இருதயத்தை உடையும் ஆண்டவரே” என்று சத்தமாக ஜெபிப்பது ஜெபமே இல்லை, மைக் வைத்துத் திட்டுவது. மூன்றாவது கேள்வியில் சொன்ன வசனத்தைப் பாருங்கள்: பீடத்தின் முன்னால் நிற்பவனைத்தான் எழுந்து போகச் சொல்கிறார்.

எதிரிக்குச் சோறு போட்டா அவன் தலைமேல நெருப்புத்தணல் குவியும்னு வேதத்திலேயே இருக்கே. அப்போ நல்லது செய்றதும் ஒருவகைப் பழிவாங்கல்தானா?

ரோமர் 12:20-ஐச் சொல்கிறீர்கள், பவுல் அதை நீதிமொழிகள் 25-இலிருந்து எடுக்கிறார். தணல் என்பது அவனுக்கு வரும் வெட்கமும் மனம் கசிவதும் என்று ஒரு சாரார், தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று இன்னொரு சாரார். எனக்கு முதலாவதுதான் பொருந்துகிறது, ஏனென்றால் அடுத்த வசனமே தீமையை நன்மையினால் வெல்லு என்று முடிகிறது, முந்தின வசனம் பழிவாங்குதலை நம் கையிலிருந்தே பிடுங்கிவிடுகிறது. நடுவில் மட்டும் பழிவாங்கச் சொல்லிக்கொடுப்பாரா?

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நிஜமான ஆபத்து இருக்கிறது. நாலு பேருக்குத் தெரியும்படி நன்மை செய்து எதிராளியைத் தலைகுனிய வைப்பது நம்மிடம் உண்டு. அவர் வீட்டில் துக்கம் நடந்தால் முதல் ஆளாய் மாலையோடு போய் நிற்பது ஒன்று. பின்வாசல் வழியாகப் போய், அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்கு இட்லியும் காபித் தூக்கும் கொடுத்துவிட்டு, வாடகை நாற்காலி வந்ததா என்று பார்த்து இறக்கிப் போட்டுவிட்டு வருவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

நானும் செஞ்சு பார்த்தேன். அவர் கண்டுக்கவே இல்ல, என்னை இளிச்சவாயன்னு நினைக்கிறாரு. இன்னும் எத்தனை நாள்?

ரோமர் 12:18-இல் ‘கூடுமானால்’ என்றும், ‘உங்களாலானமட்டும்’ என்றும் இரண்டு வேலி போட்டிருக்கிறது. சமாதானம் இரண்டு கை சேர்ந்தால்தான் ஆகும், உங்கள் கை நீண்டிருந்தால் உங்கள் பங்கு முடிந்தது. அவர் மனதை மாற்றுவது உங்கள் பொறுப்பில் இல்லை. அதற்காகத் தினமும் போய் அவர் வாசலில் நிற்கவும் வேண்டாம், அது அவருக்கும் தொந்தரவு. எதிரே வந்தால் வணக்கம் சொல்லுங்கள், அவர் வீட்டுப் பிள்ளையிடம் எப்போதும் போலப் பேசுங்கள், அவரைப் பற்றிப் பிறர் பேசும்போது கூட ஒரு வரி சேர்க்காதீர்கள்.

இன்னொன்று: முதல் கேள்வியில் சொன்ன ‘என்னைக் கேட்கல’ விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பல நேரம் அவருக்கு வேண்டியது உங்கள் உதவி இல்லை, அவருக்குரிய இடம். எருசலேம் சபை இதைச் சரியாகப் பிடித்தது. சாப்பாட்டில் குறை சொன்னது கிரேக்க மொழிக்காரர்கள். பந்தி விசாரிக்கத் தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயரைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே பொறுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு கிராமச் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாருக்கு இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போனார்கள். தார் கிடைக்காதவர் “முதல்ல போன வருஷ ஏலக் கணக்கைக் காட்டுங்க” என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார். அடுத்த வருஷம் ஏலம் விடும் வேலையையும் கணக்கு நோட்டையும் அவரிடமே கொடுக்கவேண்டும் என்று கமிட்டியில் கேட்டது தாரை எடுத்தவர்தான். கொடுத்தார்கள். அவர் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை, கணக்கும் அன்று சாயங்காலமே நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு பேரும் இன்றும் ஒட்டி உறவாடுவதில்லை, ஆனால் பேசிக்கொள்கிறார்கள்.

மனசுல கசப்பு இருக்கும்போது திருவிருந்து எடுக்கலாமா?

கசப்பு இருக்கிறது என்று தெரிந்து வருத்தப்படுகிறவர் எடுக்கலாம் என்பது என் எண்ணம். கசப்பை வைத்துக்கொள்வேன் என்று தீர்மானித்தவர் யோசிக்கவேண்டும். 1950-இல் வந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனை முறையில் ‘சமாதானம்’ என்று ஒரு பகுதி உண்டு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழக்கத்திலிருந்து எடுத்தது, முன்னாலிருந்து ஒவ்வொருவராகக் கைக்குள் கை வைத்து வரிசை வரிசையாகப் பின்னால் கடத்துவார்கள். அந்த நேரத்தில் யார் பக்கத்தில் உட்காரவேண்டியிருக்குமோ என்று பயந்து இடம் மாறி உட்கார்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி இடம் மாறுகிறவர் என்றால், அன்று சாயங்காலம் யாருக்குப் போன் போடவேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்க சபையில வெளியில சொல்றது கமிட்டிச் சண்டை, உள்ளுக்குள்ள சாதி. இதுக்கும் விட்டுக்கொடுத்துப் போகணுமா?

இல்லை. இதை மனஸ்தாபக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் தென்னிந்திய சபைகளில் சாதிப் பாகுபாட்டை உடனே, முழுதாக விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் கோவிலை விட்டு வெளியேறினார்கள். வெளியேறுவார்களே என்பதற்காக அவர் அதைத் திரும்பப் பெறவில்லை. ஏறத்தாழ 200 வருஷம் ஆகியும் கல்லறைத் தோட்டத்திலும் கமிட்டித் தேர்தலிலும் அது உட்கார்ந்திருக்கிறது என்றால், ‘எல்லாரும் அன்பா இருப்போம்’ என்று பொதுவாகப் பேசிக் கடக்க முடியாது.

இங்கே நன்மை செய்யவேண்டியது ஒதுக்கப்பட்டவர்கள் அல்ல, மேலே உட்கார்ந்திருப்பவர்கள். அவமானப்பட்டவனிடம் போய் “நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்” என்று சொல்வது எனக்கு ஆகவே ஆகாத பேச்சு. மேலே இருப்பவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: அந்தத் தெரு வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பந்தியில் உட்காருங்கள், உங்கள் வீட்டுக்கும் அழையுங்கள், கமிட்டியில் உங்கள் இடத்தை விட்டுக் கொடுத்து அவர்களுக்கு ஓட்டுக் கேளுங்கள்.

கோர்ட்டுக்குப் போறது பாவமா?

1 கொரிந்தியர் 6-இல் சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கடுமையாகத்தான் கண்டிக்கிறார். அதே பவுல் தன்னை எருசலேமுக்குக் கொண்டுபோய் விசாரிக்கலாம் என்ற பேச்சு வந்ததும் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார் (அப்போஸ்தலர் 25). ஆகவே வழக்கே கூடாது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் திருமண்டலத் தேர்தல் தகராறுகள் உயர்நீதிமன்றம் வரை போய் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தபின், கௌரவத்துக்காகப் போடும் வழக்கை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகிட்ட ஒருத்தர் தப்பா நடந்துக்கிட்டாருன்னு தெரியவந்துச்சு. சபைப் பேரு கெடும், மன்னிச்சு விட்டுடுங்கன்னு சொல்றாங்க.

இது சண்டையே அல்ல, குற்றம். இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதிய எதையும் இங்கே பொருத்தாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் மறைப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. அந்த ஆளைத் தனியாகப் போய்ப் பார்த்துப் பேசுவது, மத்தேயு 18-இன் படி மூன்று படி ஏறுவது, எதுவும் வேண்டாம், முதலில் பிள்ளையைப் பாதுகாத்து உடனே புகார் கொடுங்கள். மன்னிப்பு அந்தப் பிள்ளையின் காரியம், கமிட்டி தீர்மானம் போட்டுக் கொடுக்கக்கூடியது இல்லை. சபை செய்யவேண்டிய நன்மையும் அந்தக் குடும்பத்துக்குத்தான்: ஸ்டேஷனுக்குக் கூடப் போவது, ஊர் வாயிலிருந்து காப்பது.

வீட்டில் அடிபடும் பெண்ணிடம் “பொறுத்துப் போம்மா” என்று சொல்வதும் இதே வகைதான். பெண்களுக்கான உதவி எண் 181.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. வேற சபைக்குப் போயிடலாமா?

போகலாம். ஆதியாகமம் 26-இல் ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய கிணற்றுக்குக் கேராரூர் மேய்ப்பர் சண்டைக்கு வந்தார்கள், விட்டுவிட்டு வேறு தோண்டினான், அதற்கும் வந்தார்கள், மூன்றாவது தோண்டினபோதுதான் விட்டார்கள். பிற்பாடு அபிமெலேக்கு தானாகத் தேடி வந்தபோது ஈசாக்கு, என்னைப் பகைத்துத் துரத்திவிட்டீர்களே என்று முதலில் கேட்டான், அப்புறம் விருந்து வைத்தான். பவுலும் பிரிந்துதான் போனார், ஆனால் கடைசி நாட்களில் மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

போகிற விதம்தான் முக்கியம். சங்கத்தின் கணக்கு நோட்டு, பீரோச் சாவி, கொயர் அங்கி எது உங்களிடம் இருந்தாலும் ஒப்படைத்து எழுதி வாங்குங்கள். சந்தா பாக்கி இருந்தால் கட்டுங்கள். ஐயரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சபை மாறுவதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நாலு வீட்டை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். புதுச் சபையில் “அங்க என்ன பிரச்சினை” என்று கட்டாயம் கேட்பார்கள், “இது வீட்டுக்குப் பக்கம்” என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால். இல்லையென்றால் “அதை விடுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்ளுங்கள்.